உச்சம் முடிந்த பிறகு

காஷ்மீரில் இலையுதிர்காலத்தைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “பீக் எப்போ?” சினார் மரங்கள் உச்சிக்கொப்பு முதல் தாழ்கிளை வரை சிவந்து நிற்கும் அந்த ஒரு வாரம் எதுவென்று தெரிந்துவிட்டால் விமான டிக்கெட் போட்டுவிடலாம். ஸ்ரீநகரின் ஹோட்டல்காரர்களும் டாக்ஸி ஓட்டுநர்களும் இதற்குச் சளைக்காமல் பதில் சொல்கிறார்கள். அக்டோபர் கடைசி என்பார் ஒருவர். நவம்பர் முதல் வாரம் என்பார் மற்றவர். நடுவில் ஒரு மழை அடித்தால் தாங்கள் பொறுப்பில்லை என்று இருவருமே சேர்த்துச் சொல்லிவைப்பார்கள். என்னைக் கேட்டால், அந்த வாரத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்த வாரம் போங்கள் என்பேன். டிக்கெட் விலை குறையும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

காஷ்மீரிகள் ஹருத் என்று அழைக்கும் இந்தப் பருவம் ஒரு வாரத்தில் வந்து போகிற சமாச்சாரமே இல்லை. செப்டம்பரிலேயே வால்நட் மரங்களில் ஏறி நீண்ட கழியால் காய்களை அடித்து உதிர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நெல் அறுவடை நடக்கிறது. சோபியானிலும் சோபோரிலும் ஆப்பிளைப் பறித்துப் பெட்டியில் அடுக்கி லாரி ஏற்றுகிறார்கள். அக்டோபரில் பாப்ளர் மரங்கள் மஞ்சளாகின்றன. ஏரிக்கரை வில்லோக்களும் கூடவே வெளுக்கின்றன. எல்லோருக்கும் கடைசியாகத்தான் சினாரின் முறை. அதுவும் நிதானமாக. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்பொன்னாகி, பிறகு கருஞ்சிவப்பாகி, கடைசியில் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு வந்து சேர்கிறது. வெயில் நன்றாகப் படுகிற கிளை சிவந்து முடித்திருக்கும். அதே மரத்தின் மறுபக்கம் இன்னும் மஞ்சளிலேயே நிற்கும். இதில் எந்த நாளை உச்சம் என்று குறிப்பது?

மரத்துக்குள் நடப்பது வரவு செலவை முடிக்கிற வேலை. பகல் குறுகி இரவு குளிர்ந்ததும் இலையில் போட்ட முதலை மரம் திரும்ப எடுக்கிறது. பச்சையம் சிதைகிறது, இலையிலிருந்த நைட்ரஜன் கிளைக்கும் தண்டுக்கும் போய்விடுகிறது. பச்சை விலகியதும், கோடை முழுக்க அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் தெரிய வருகிறது. சிவப்பு அப்படி ஒளிந்திருந்தது கிடையாது. இலையில் தங்கிப்போன சர்க்கரையைக் கொண்டு கடைசி நாட்களில் புதிதாக உருவாகும் ஆந்தோசயனின் அது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைநிலையைத் தொடாத குளிரும் கிடைத்தால் சிவப்பு தூக்கலாக வரும். மூட்டமும் தூறலுமாக இருந்தால் மஞ்சளோடு ஒப்பேற்றிவிடும். நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதாம் மரமும் இதையேதான் செய்கிறது. அதன் அகன்ற இலைகள் ரத்தச் சிவப்பாகி விழ, தூய்மைப் பணியாளர் விடிகாலையில் கூட்டி அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு போகிறார். அதைப் பார்க்க எவரும் டிக்கெட் போட்டு வருவதில்லை.

நான் போய் இறங்கியபோது நிஷாத் பாகில் உச்சத்தின் கடைசி நாட்கள். நூர்ஜகானின் அண்ணன் ஆசஃப் கான் 1633இல் அமைத்த தோட்டம் இது. ஜபர்வான் மலையடியிலிருந்து தால் ஏரியை நோக்கி 12 அடுக்குகளாக இறங்கி வருகிறது. இரண்டு பக்கமும் பெரும் சினார்கள், நடுவே நீரோடும் கால்வாய். சினாருக்குக் கீழே ஆளுக்கொரு இடம் பிடித்து, இரண்டு கையாலும் சருகை அள்ளி மேலே வீசிக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். வீசுவதும், சிரிப்பதும், போனில் பார்த்துவிட்டு மறுபடி வீசுவதுமாக அந்தப் பகுதியே அமளிப்பட்டது. ஜரிகை வைத்த காஷ்மீரி உடையை வாடகைக்கு மாட்டிவிட்டு, வெள்ளிக் குடத்தை இடுப்பில் கொடுத்துப் படமெடுத்துத் தருகிற உள்ளூர்க் கேமராக்காரர்கள் வேறு.

இவர்களை ஏளனமாகப் பார்ப்பது வெளியூரிலிருந்து பெரிய லென்ஸோடு வருகிறவர்களின் வழக்கம். ஆனால் ஒரு தோட்டத்தில் வெயில் எந்த மணிக்கு எந்தக் கிளை வழியாக இறங்கும் என்பதை இவர்களைவிட அறிந்தவர்கள் கிடையாது. நரைத்த தாடியும் கழுத்தில் இரண்டு கேமராவுமாக இருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “காலையில இங்க எதுக்கு வந்தீங்க பாய் சாப்? சூரியன் மலையைத் தாண்டி வரவே நேரமாகும். காலையில ஏரிக்கு அந்தப் பக்கம் நசீம் பாக் போங்க. மூணு மணிக்கு மேல இங்க வந்து மேல் அடுக்குல ஏறி நின்னு கீழ பாருங்க” என்றார். கணக்கு எளிமையானதுதான். தோட்டம் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பிற்பகலில் சூரியன் ஏரிப் பக்கம் சாய்கிறது. மேலே நின்று மேற்கே பார்த்தால் ஒவ்வொரு இலையும் எதிர்வெயிலில் பற்றிக்கொள்கிறது.

இலையுதிர்காலப் படத்தின் பாதி ரகசியம் இந்த எதிர்வெயிலில் இருக்கிறது. வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழுந்தால் இலையின் மேல்தோல் மினுக்கம்தான் கேமராவுக்குக் கிடைக்கும். இலைக்குப் பின்னாலிருந்து வந்தால் நிறம் இலையின் உள்ளேயிருந்து வருகிறது. நரம்புகள் தனித்தனியாகத் தெரிகின்றன. மேகமூட்டமான நாள் என்றால் போலரைசர் ஃபில்டரைப் போட்டுத் திருப்பினால் போதும். ஈர இலையின் மேல் படிந்திருக்கும் வானத்தின் வெளுப்பு நீங்கி, அடியிலிருக்கும் சிவப்பு மேலே வரும். இன்னொன்று, ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிடுங்கள். சாயங்கால வெயிலின் பொன்னிறத்தை அது கோளாறு என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும். சிவப்பு வேறு டிஜிட்டல் கேமராவில் சீக்கிரம் வழிந்துவிடுகிற நிறம். ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோடு வலது ஓரத்தை இடிக்கிறதா என்று பார்த்து, வெளிச்சத்தை அரை ஸ்டாப்போ முக்கால் ஸ்டாப்போ குறைத்துக்கொண்டால் இலைக்குள்ளிருக்கும் நிற வேறுபாடுகள் தப்பிக்கும். இல்லையென்றால் சாயத்தில் முக்கிய துணிதான் மிஞ்சும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து சாச்சுரேஷனைத் தள்ளிவைத்துக் கொல்கிறவர்களும் உண்டு. காஷ்மீர் சுவரொட்டிகளில் நாம் பார்க்கும் ஆரஞ்சு நிறம் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை.

தோட்டத்திலிருந்து ஏரிக்கரைச் சாலைக்கு வந்தபோது சோதனைக்காக நிறுத்தினார்கள். கேமராப் பையைத் திறந்து காட்டினேன். ஃபில்டர் உறைகளுக்கு நடுவே திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம் ஒன்று. துப்பாக்கியோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இளைஞரின் முகம் மாறிவிட்டது.

“அண்ணே, நம்ம பக்கமா?”

“சங்கரன்கோவில், தம்பி.”

“நான் விளாத்திகுளம்ணே. ஊர்ல மழையாமே? அம்மா போன்ல சொல்லுச்சு.”

மண்மூட்டை அடுக்கிய அவருடைய காவல் நிலைக்கு மேலேயே ஒரு சினார் கவிந்து நின்றது. “காலைல வந்ததும் இதைக் கூட்டித் தள்றதுதாண்ணே முதல் வேலை. சருகு கெடந்தா யாரு நடந்தாலும் சத்தம் கேக்கும், அது நல்லதுதான். ஆனா கம்பி வேலி மறைஞ்சிருது” என்றார். மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், போஸ்ட் மட்டும் படத்தில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காஷ்மீரின் இலையுதிர்காலப் படங்களில் முள்கம்பி இருப்பதில்லை; ஓரத்தை வெட்டித்தான் எல்லோரும் எடுக்கிறோம். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து படகுக்காரர், டாக்ஸிக்காரர், சால்வைக் கடைக்காரர் யாருடைய பேச்சிலும் அந்த நாள் வராமல் இருப்பதில்லை. அழகு இதையெல்லாம் ஈடுகட்டிவிடும் என்று எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

தால் ஏரியின் விடிகாலைக் காய்கறிச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எல்லோரும் எடுத்த படம்தான்: பனிமூட்டம், முட்டி நிற்கும் படகுகள், தாமரைத்தண்டுக் கட்டு, முள்ளங்கி, கீரை, ஃபெரன் அங்கிக்குள் காங்ரி நெருப்புச் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி பேரம் பேசும் ஆண்கள். எனக்கு அங்கே பிடித்தது சந்தை கலைந்த பிறகு வந்த வழி. கால்வாய் ஓரத்து வீடுகளின் ஜன்னல்களில் கத்தரிக்காய் வற்றலும் சுரைக்காய் வற்றலும் மிளகாய் மாலைகளும் தொங்கின. டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் சில்லாய் கலான் கடுங்குளிருக்கான சேமிப்பு. பாப்ளரின் மஞ்சள் தண்ணீரில் கிடக்க, அதன்மேல் இந்த மிளகாய்ச் சிவப்பின் நிழல். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, “மரத்தை எடுப்பாங்க, மலையை எடுப்பாங்க. நீங்க எங்க வீட்டுக் கத்தரிக்காயை எடுக்கறீங்க” என்று சிரித்தார்.

பாம்பூருக்கும் கடைசிப் பறிப்பின்போதுதான் போனேன். ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு நெடுஞ்சாலையில் சிறிது தூரம்; கரேவா எனப்படும் மேட்டு நிலங்கள், பழங்காலத்து ஏரியொன்றின் வண்டல் படிந்து உண்டானவை. அக்டோபர் நடுவிலிருந்து குங்குமப்பூ அங்கே தரையைப் பிளந்துகொண்டு வருகிறது. செடி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பழுப்பு மண், அதிலிருந்து விரலளவு எழும்பிய ஊதாப் பூ, அதற்குள் மூன்று சிவப்பு இழை. அந்த மூன்று இழைகள்தான் குங்குமப்பூ. ஒரு கிலோ சேர ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டும். வெயில் ஏறிப் பூ வாடுவதற்குள் பறித்துவிட வேண்டும் என்பதால் குடும்பம் மொத்தமும் பிரம்புக் கூடையோடு காலையிலேயே இறங்கிவிடுகிறது. காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நல்ல பறிப்பு நாட்களில் வயலோரம் கார்கள் வரிசைகட்டி நிற்குமாம். பூவைப் படமெடுக்க வந்தவர்கள் பூவையே மிதித்துக்கொண்டு நடப்பார்களாம். நான் போனபோது வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூத்திருந்தது. பாத்தி ஓரத்தில் வயிறு மண்ணில் படப் படுத்து, லென்ஸைத் தரைமட்டத்துக்கு இறக்கினால் ஒற்றைப் பூ வானத்தின் முன்னே மரம் உயரத்துக்கு நிற்கிறது. பூ நிறைந்த வயலில் இந்தப் படம் வராது. பின்னணி முழுவதும் ஊதாவாகக் குழம்பிவிடும். வேலை குறைந்திருந்ததால் வயல்காரர் என்னைத் தம் வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிப் போனார். அங்கே மூன்று தலைமுறைப் பெண்கள் பூவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இடக்கை பூவைப் பிடிக்க, வலக்கை இழையை இழுக்க, இதழ் பின்னால் போய் விழுகிறது. விரல் நுனிகளில் மஞ்சள் ஏறிவிட்டது. குவிந்து கிடந்த இதழ்களைக் காட்டி இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, பாட்டி கையை விரித்து வெளியே எறிகிற சாடை காட்டினாள். அங்கே நான் எடுத்த நல்ல படம் அந்த இதழ்க் குவியல்.

ஜீலம் கரையில் பண்ட் சாலையில் மஹட்டா ஸ்டூடியோ இருக்கிறது. 1915இல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவின் பழைய காஷ்மீர்ப் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தோன்றும்: கறுப்பு வெள்ளையிலும் சினார் சினாராகத்தான் இருக்கிறது. நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிளைகளின் முறுக்கும், பட்டை செதில் செதிலாக உரிந்து வெளுத்த தண்டும், இலையின் கைவிரித்த வடிவமும். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கேமராவின் திரையை மோனோக்ரோமுக்கு மாற்றிவைத்துச் சட்டகம் பார்ப்பது, பிறகு ரா கோப்பில் நிறத்தோடு எடுத்துக்கொள்வது. நிறம் கண்ணைக் கட்டிவிடும் நாட்களில் இது நல்ல மருந்து. சாம்பல் நிறத்தில் சப்பென்று தெரிகிற படம் சிவப்பிலும் பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும்.

அதற்குள் ஓர் இரவு முழுக்கக் காற்றடித்தது. காலையில் ஹோட்டல் பையன், “முடிஞ்சது சார், எல்லாம் கொட்டிடுச்சு” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னான். நான் நசீம் பாகுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஏரியின் மேற்குக் கரையில், இன்று காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது நசீம் பாக். அக்பர் தொடங்கியது, ஷாஜகான் காலத்தில் ஆயிரத்துக்கு மேல் சினார்கள் வைக்கப்பட்டன என்பார்கள். நிஷாத்தைப் போல அடுக்கோ நீரூற்றோ கிடையாது. மரங்கள் வரிசை வரிசையாக நிற்க, கீழே மாணவர்கள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அன்று கிளைகளில் பாதி இலை இல்லை. அதனாலேயே, ஏரிப் பக்கமிருந்து வந்த காலை வெயில் முதன்முறையாகத் தரைவரை இறங்கியிருந்தது. உச்ச நாட்களில் மேலே எரிந்துகொண்டிருந்த நிறமெல்லாம் இப்போது கீழே, கணுக்கால் ஆழத்துக்கு. மரத்தடிகளின் நீளநிழல் அதன்மேல் பட்டைபட்டையாக விழுந்தது. மூன்று மணிநேரம் நான் லென்ஸை மேலே தூக்கவே இல்லை.

கீழே பார்ப்பதில் உள்ள சந்தோஷம், இலைகளைத் தனித்தனியாகச் சந்திக்கலாம் என்பது. ஒன்று விளிம்பு மட்டும் சிவந்து நடுவில் மஞ்சளாக இருக்கிறது. ஒன்றில் நரம்புகளை ஒட்டிப் பச்சை இன்னும் மிச்சமிருக்கிறது. ஒன்றைப் பூச்சி தின்று வலையாக்கியிருக்கிறது. உறைபனி அதன் ஓரத்தில் சர்க்கரைத் தூள் தூவி, வெயில் பட்டதும் துளித்துளியாகக் கரைகிறது. மேக்ரோ லென்ஸை மாட்டி ஓர் இலையின் காம்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. காம்பின் அடி மொட்டையாக இல்லை. உள்ளே குழிந்து, சின்னஞ்சிறு குல்லா மாதிரி இருந்தது. பக்கத்துக் கிளையில் இலை விழுந்த தழும்பைப் பார்த்தேன். அந்தக் குழிவுக்குள் அச்சாகப் பொருந்துகிற கூம்பு மொட்டு ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. சினார்க் குடும்பத்து மரங்களின் இயல்பு இது. அடுத்த வசந்தத்தின் மொட்டு கோடையிலேயே உருவாகி, இலைக்காம்பின் அடிக்குள் மூடிக்கிடக்கிறது. காம்பு கழன்றால்தான் மொட்டு வெளியே தெரியும். இலை முழுக்கச் சிவந்து மரத்திலேயே நிற்கிற நாளில் போயிருந்தால் இந்தப் படம் கிடைத்திருக்காது. ஒரு கையில் காம்பையும் மறுகையில் கிளையையும் பிடித்துக்கொண்டு குவியம் சரிசெய்ய மூன்றாவது கை தேவைப்பட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தாவரவியல் மாணவன் ஒருவன் கிளையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் துடைப்பங்களோடு பெண்கள் வந்தார்கள். நீளக் குச்சிகளைக் கட்டிய துடைப்பம். அவர்கள் கூட்டுவதைப் பார்த்தால் சுத்தம் செய்கிற கூட்டலாகத் தெரியவில்லை. களத்தில் நெல்லைக் கூட்டுகிற கவனம் இருந்தது. ஆளுயரத்துக்குச் சருகைக் குவித்து, ஓரத்தில் நெருப்பு வைத்தார்கள். தீ பிடித்து எழும்போதே தண்ணீர் தெளித்துத் தெளித்து அடக்கினார்கள். சாம்பலாகவும் கூடாது, சருகாகவும் மிஞ்சக் கூடாது. கருகிய பதத்தில் நிறுத்த வேண்டும். அந்தக் கரியைச் சாக்கில் அள்ளிக்கொள்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் காங்ரியில் இதைப் போட்டு மேலே கொஞ்சம் தணல் வைத்தால் நின்று எரியும். சினார்க் கரி மெதுவாகத் தணலும் என்று அதற்குத் தனி மதிப்பு. புகை நல்லதல்ல என்பதும் உண்மை. மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் குளிர்காற்று மூடிபோட்டதும் புகை மேலே போக வழியின்றித் தங்கிவிடுகிறது. மாணவன் இதைச் சொல்லித் தலையை ஆட்டினான். ஆனால் அவன் ஃபெரனுக்குள்ளும் ஒரு காங்ரி இருந்தது.

படம் எடுக்கிறவனுக்கோ அந்தப் புகைதான் வரப்பிரசாதம். நீலப் புகை மரங்களுக்கிடையே எழ, வெயில் அதில் கோல்கோலாக விழுந்தது. துடைப்பத்தை ஓங்கிய பெண்ணின் கரிய உருவம் நடுவில். நான் அலைந்து திரிந்த பத்துநாள் படங்களையும் கொடுத்துவிட்டு அந்த ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். எடுத்ததும் திரையைக் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் காட்டினேன். மாணவன் அவரை மாஸி என்று அழைத்து காஷ்மீரியில் விளக்கினான். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஏதோ சொன்னார். மாணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தான்: “மூஞ்சியே தெரியலையேன்னு கேக்கறாங்க.”

வேறு படங்களைத் தள்ளிக் காட்டினேன். கரிமூட்டையின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அவர் நேராகப் பார்த்து நிற்கும் ஒன்று, வெளிச்சம் சரியில்லாதது, அழித்துவிடலாம் என்று வைத்திருந்தது, வந்ததும் விரலால் தட்டி நிறுத்தினார். மூட்டைகளை எண்ணினார். எல்லாம் படத்தில் வந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டார். ஜம்முவில் வேலை பார்க்கும் மகனுக்கு இதை அனுப்ப வேண்டும், இந்த வருஷம் கரி விலைக்கு வாங்க வேண்டாம் என்று அவனுக்குத் தெரியட்டும் என்றார். மாணவனின் போனுக்கு அனுப்பி, அவன் அவர் மகனுக்கு அனுப்பி, நீல டிக் விழும்வரை மாஸி எங்கள் இருவரையும் நகரவிடவில்லை. விழுந்ததும் துடைப்பத்தால் என் காலைத் தட்டினார். நான் அவருடைய சருகின்மேல் நின்றுகொண்டிருந்தேன்.